அம்மா நிறுத்திய வளையம்

சின்ன மகளுக்கு வீட்டில் 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கதவு கிறீச்சிட்டால் அடுத்த நிமிஷம் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பாள். குழாய் சொட்டினால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. உத்தியோகமும் குணத்துக்கு ஏற்றாற்போல அமைந்துவிட்டது, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் மேசை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் அலறியடித்துக் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று ஒரு ஃபோனில் சொல்லிக்கொண்டே, இன்னொரு ஃபோனில் அந்த ஆளைத் திட்டி விரட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு அம்மாவின் கேமராவைச் சும்மா விட்டுவைக்க மனசு வருமா? அங்கேதான் வினை வந்தது.

அம்மா ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தவள். மோதி நசுங்கிய வண்டிகளைப் படம் எடுப்பது அவள் வேலை. முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, அப்புறம் அடிபட்ட இடம் மட்டும் கிட்டத்தில். அடி எவ்வளவு பெரிசு என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து இன்னொன்று. அலுவலகத்தில் புதுக் கேமராக்கள் வந்ததும் பழையதைக் குப்பையில் போடப் போனார்கள். இவள் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பிள்ளைகளையும் அதே மாதிரிதான் எடுத்தாள். சின்னவளின் முதல் பள்ளிக்கூட நாள் ஆல்பத்தில் நாலு பக்கமும் இருக்கிறது, முழங்கால் சிராய்ப்பு தனியாக, பேனாவோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "நாளைக்கு யாராவது கேட்டா ஆதாரம் வேணாமா?" என்பாள்.

அத்தனை ஆல்பத்திலும் அப்பாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவர். பொடி எழுத்தை மணிக்கணக்கில் பார்க்கிற மனுஷனுக்குத் தன்னை ஒருத்தர் பார்த்தால் மட்டும் ஆகாது. அம்மா கேமராவைக் கையில் எடுத்தாலே அவருக்கு எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வந்து பார்த்தால் எல்லாம் முடிந்து பிள்ளைகள் சட்டையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கேமரா ரொம்பப் பழைய மாதிரி. எட்டிப் பார்க்கிற கண்ணாடியில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். படம் தெளிவாக விழுமா விழாதா என்று அது சொல்லாது. ஆள் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார் என்று கண்ணால் கணக்குப் போட்டு, லென்ஸைச் சுற்றியிருக்கிற வளையத்தைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்த வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, பத்து என்று எண்கள் போகும். கடைசியில் ரொம்பத் தூரத்துக்கு என்று படுத்துக்கிடக்கிற ஓர் எட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. நோயும் இல்லை, நொடியும் இல்லை. அதிலிருந்து அந்தக் கேமரா அப்பா அறையின் அலமாரித் தட்டில் இருந்தது. அவர் தினமும் பல் தேய்த்த கையோடு அதன் முன்னால் போய் நிற்பார். எடுக்க மாட்டார், தொடவும் மாட்டார். யாராவது துணியோடு அந்தப் பக்கம் போனால், "விடு, தூசியெல்லாம் நானே தட்டிக்கிறேன்" என்பார். கேமராவின் மேல்தோல் உரிந்து தொங்கியது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்கு வயிறு எரியும். அவளுக்கும் அம்மாதானே? அம்மாவின் பொருள் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கலாமா?

அப்பாவுக்குக் கண்ணில் புரை. ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, ஒருவழியாக ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். வீடு மூன்றாம் மாடி. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் ஆள் அனுப்புகிறவள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கொஞ்ச நாள் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், கீழ்வீட்டுக்காரரான சித்தப்பா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதுதான் சமயம் என்று சின்னவள் கேமராவைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். புதுக் கண்ணோடு வருகிற அப்பா முதலில் பார்ப்பது புதுசு மாதிரி பளபளக்கிற அம்மாவின் கேமராவாக இருக்கட்டும்.

கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கேமரா பழுது பார்க்கிறவரை அந்த வட்டாரத்தில் 'டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். வாய் ஓயாத மனுஷர். கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் சீரியஸ்தான். ஆனா பொழச்சுக்குவாங்க" என்றார். நாலைந்து நாளில் பிழைக்கவும் வைத்துவிட்டார். தோல் புதுசு, லென்ஸ் கண்ணாடியாக மின்னியது, வளையம் ஒற்றை விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு படியேறி வந்தார். நடையில் ஒரு வேகம். "நாள்காட்டியில தேதியெல்லாம் தெரியுதும்மா. உன் தலையில நரைகூடத் தெரியுது" என்று சிரித்தார். காபி வேண்டாம் என்றுவிட்டு நேரே அறைக்குப் போனார். சின்னவள் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தட்டுக்கு அருகே குனிந்தார். அப்படியே நின்றார்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தாம்ப்பா. சர்வீஸுக்குக் குடுத்தேன். நல்லாருக்கா? உள்ளே பூஞ்சையெல்லாம் சுத்தமாப் போயிடுச்சு. இப்போ ஃபிலிம் போட்டாப் படமே எடுக்கலாம்."

"வளையம் ஏன் கடைசியில நிக்குது?"

அது படுத்துக்கிடக்கிற எட்டில் நின்றது. சோதித்து முடித்த கேமரா டாக்டர் அங்கே நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியும்? "அதனால என்னப்பா? லேசாத் திருப்பினாப் போதும், எங்க வேணும்னாலும் நிக்கும். பாருங்களேன்" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே!"

அப்பா சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. பிழை திருத்துகிறவர்கள் கத்துவதில்லை, பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள், அவ்வளவுதான். அவள் பேய் அறைந்தவள் போல வெளியே வந்தாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் பாதி சாப்பிட்டு வெளியே வைத்துவிடுவார். கண்ணுக்கு மருந்து விடப் போனால் மூஞ்சியை மட்டும் அண்ணாந்து காட்டுவார். "என்னப்பா பண்ணினேன் நான்?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான். மருந்து வழிகிற சாக்கில் அவர் அழுகிறாரோ என்றும் அவளுக்குச் சந்தேகம்.

தாங்க முடியாமல் பெரியவளுக்கு ஃபோன் போட்டாள். பெரியவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். வாரத்துக்கு ஒருமுறை அப்பாவோடு பேசுவாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவள், "ஐயோ, வளையத்தைத் திருப்பிட்டியாடி?" என்றாள்.

"திருப்பினா என்ன? எல்லாரும் வளையம் வளையம்னே சாகடிக்கிறீங்க!"

"அம்மா போறதுக்கு முந்தின நாள் ஜன்னல் பக்கத்துல அப்பாவ உக்கார வச்சு, 'இந்தக் கேமரால உங்கள ஒரு தடவ பாத்துக்கறேன்'னு அதக் கையில எடுத்தாங்களாம். ஃபிலிம்கூட இல்ல, சும்மாத்தான். 'ஏழு அடி, அசையாதீங்க'ன்னாங்களாம். அப்பா, சவரம் பண்ணலன்னு வேண்டாம்னுட்டாரு. அம்மா அப்படியே அலமாரித் தட்டுல வச்சுட்டாங்க. அதுல வளையம் ஏழுல நின்னுச்சு. 'அவ கடைசியாத் தொட்டு நிறுத்தினது அது, எனக்காக நிறுத்தினது'ன்னு அப்பா சொல்லுவாருடி. கண்ணு தெளிஞ்சதும் அந்த ஏழை ஒரு தடவ நல்லாப் பாக்கணும்னுதான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டாரு. உனக்குத் தெரியாதா?"

சின்னவளுக்குத் தெரியாது. காலைக் காபியிலிருந்து ராத்திரி மாத்திரை வரை கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாது. கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும். செய்த தப்பு ஒரு பக்கம் நெஞ்சை அறுத்தது. அதைவிட இது அறுத்தது. "எனக்கு எங்கே தெரியும், நான் வேலைக்காரிதானே" என்று ஃபோனை வைத்துவிட்டாள். பத்து நிமிஷம் பாத்திரங்களை டமடமவென்று தேய்த்தாள். பிறகு, அவள் எப்போதும் செய்வதையே செய்தாள். அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கேமராவை எடுத்துக்கொண்டு கடைவீதி டாக்டரிடம் ஓடினாள்.

"வளையம் முன்னாடி எங்க நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்கா? அம்மா கடைசியா ஏழுலதான் நிறுத்தினாங்களாம். நிச்சயமாத் தெரியணும்."

"ஞாபகம் எதுக்கு மேடம்? ஆதாரமே இருக்கு." தன் ஃபோனைத் துழாவினார். வாங்குகிற எதையும் பிரிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இல்லாவிட்டால், இந்தக் கீறல் முன்னாடி இல்லை என்று ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். "இந்தாங்க. ஏழு அடி. சந்தேகமே வேணாம்."

படத்தில் உரிந்த தோல், பூஞ்சை, அம்மாவின் ஏழு. சின்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஆனா அத உங்க அம்மா கடைசியாத் திருப்பினாங்கன்னு சொல்றீங்க பாருங்க, அது நடக்கவே நடக்காது" என்றார் டாக்டர். "உள்ளே கிரீஸ் கல்லாட்டம் இருந்துச்சு. ரெண்டு நாள் மருந்துல ஊறப் போட்டு, இடுக்கி வச்சு முறுக்கித்தான் அசைச்சேன். இது நேத்து முந்தாநேத்து இறுகினது இல்ல. பத்துப் பதினஞ்சு வருஷமாவே இந்த வளையம் ஏழுலதான் நின்னிருக்கு. இத வச்சுப் படம் எடுத்தவங்க ஏழு அடிக்கு அவங்களாத்தான் நகர்ந்து நின்னிருக்கணும்."

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கடைசி வருஷங்களில் அம்மா படம் எடுக்கும்போது முன்னே ஓர் அடி வைப்பாள், பின்னே இரண்டு அடி போவாள், வாளியில் இடித்துக்கொள்வாள், சுவரில் முட்டிக்கொள்வாள். "அம்மா ரிவர்ஸ் எடுக்கிறா, வழி விடுங்க!" என்று அக்காளும் தங்கையும் கத்துவார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு நடந்த கூத்துகள் அவை. வளையம் திரும்பவில்லை என்று அம்மா ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆக, அப்பா இரண்டு வருஷமாகக் கும்பிட்ட அந்த ஏழு, அவருக்காக நிறுத்தினதே இல்லை. இந்த எண்ணத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். இதை மட்டும் சொல்லக் கூடாது. உயிரே போனாலும் சொல்லக் கூடாது. வளையத்தை ஏழில் வை, மன்னிப்புக் கேள், வாயை மூடிக்கொண்டு வெளியே வா. வழி நெடுகத் தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்பா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் கேமராவை அவர் மடியில் வைத்தாள். "தப்புத்தாம்ப்பா. எனக்குத் தெரியாது. அக்கா சொன்னா. இப்போ ஏழுலயே வச்சுட்டேன், கடைக்காரர் படம் வச்சிருந்தார், பாத்து அதே இடத்துல வச்சேன். ஒரு மயிரிழை மாறல."

அவர் குனிந்து பார்த்தார். ஏழு நன்றாகத்தான் தெரிந்தது, புதுக் கண்ணுக்கு.

"ஏழுதான். ஆனா இது நீ வச்சது" என்றார்.

"சரிப்பா. நான் வச்சதுதான். நான் வச்சா ஆகாதா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"வேற எப்படி? ரெண்டு வருஷம் கூடவே இருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. வாரத்துக்கு ஒருநாள் பேசறவகிட்டச் சொல்லியிருக்கீங்க. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் இதத் தொட்டிருப்பேனா? நான் என்னப்பா உங்களுக்கு?"

அப்பா, "உங்கிட்டச் சொன்னா நீ ஏதாவது பண்ணிடுவியே" என்றார். "அவ ரொம்பத் தூரத்துல இருக்கா. அவளால ஒண்ணும் பண்ண முடியாது. அதான் அவகிட்டச் சொன்னேன்."

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் போட்டுத் தாக்கியது. ஓடி ஓடிச் செய்ததற்கெல்லாம் கிடைத்த மரியாதை இதுதானா? பஸ்ஸில் வந்தபோது போட்ட தீர்மானமெல்லாம் காற்றில் போயிற்று.

"நீங்க நெனக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல! அம்மா அத உங்களுக்காகத் திருப்பவே இல்ல. அது இறுகிப்போய் வருஷக்கணக்காச்சு. யாராலயும் திருப்ப முடியாதாம். எப்பவும் ஏழுலயேதான் நின்னுச்சு. அம்மாதான் முன்னே பின்னே நகர்ந்து, ஏழு அடிக்குப் போய் நின்னு எடுப்பாங்க. எங்களையும் அப்படித்தான் எடுத்தாங்க. பின்னாடி போய்ப் போய்ச் சுவத்துல முட்டிக்குவாங்க. நீங்க ஒருநாளாவது இருந்து பாத்திருந்தாத்தானே!"

சொல்லி முடித்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று உள்ளே ஒரு குரல். அப்பாவிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிப் போட்டாயிற்று.

அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. எதிரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி போவாளா?"

"அப்பா, நான் சும்மா ஏதோ கோவத்துல..."

"இல்ல, சொல்லு. படம் எடுக்கிறதுக்கு முன்னாடி, கண்ணுல கேமராவ வச்சுக்கிட்டே பின்னாடி போவாளா?"

"ஆமாப்பா. எப்பவும் போவாங்க."

அவர் கதவைக் கையால் காட்டினார். "அன்னிக்கும் போனா" என்றார். "உக்காருங்கன்னு சொன்னா. சவரம் பண்ணல, இந்த மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்னு எரிஞ்சு விழுந்தேன். அவ ஒண்ணும் சொல்லல. ஏழு அடி, அசையாதீங்கன்னுட்டு அப்படியே கதவு வரைக்கும் பின்னாடி போனா. நான் சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டு வெளியே போறான்னு நெனச்சேன். போறவ போகட்டும்னு நானும் வீம்பா எந்திரிச்சுக் கடைவீதிக்குப் போயிட்டேன். வந்தப்புறமும் சரியாப் பேசிக்கல. கோவத்தோடயே போயிட்டா, கோவத்தோடயே போயிட்டான்னு இத்தன நாளும்..."

இதைப் பெரியவளிடம்கூட அவர் சொல்லவில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"அவங்க கோவிச்சுக்கலப்பா" என்றாள். "உங்கள எடுக்கத்தான் பின்னாடி போயிருக்காங்க."

"ஆமா" என்றார் அப்பா. "எடுக்கத்தான் போயிருக்கா. நான்தான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

அவர் மடியிலிருந்த கேமரா நழுவி மெத்தையில் விழுந்தது. எடுக்கவில்லை. தோள் குலுங்க அழுதார். ஆபரேஷன் செய்த கண், தண்ணீர் படக் கூடாது என்று கண் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தார். அழாதீங்கப்பா என்று சொல்ல வேண்டும், சுத்தமான துணி எடுக்க வேண்டும், சொட்டு மருந்து எங்கே என்று பார்க்க வேண்டும். அவளுக்கு எல்லாம் தோன்றியது. ஒன்றையும் செய்யவில்லை. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் அழுது முடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.